பெருவிரல் தூரம்

1932இல் பெர்லினில் வெளிவந்த ஆட்டோசூப்பர் 5 என்னும் கார் வானொலியின் எடை ஏறத்தாழ 15 கிலோ. ப்ளாபுங்க்ட் என்ற பெயரில் ஐடியல் வெர்க்கே நிறுவனம் செய்த பெட்டி அது. ஐரோப்பாவில் காருக்கென்றே உருவான முதல் வானொலி என்று அதைத்தான் சொல்கிறார்கள். விலை 465 ரைஷ்மார்க்; அன்றைக்கு ஒரு கார் வாங்கும் காசில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் ஒரு ஸ்டூட்பேக்கர் காரில் அதைப் பொருத்தினார்கள். அவ்வளவு பெரிய பெட்டியை ஓட்டுகிறவரின் கைக்கு எட்டும்படி வைக்க வழியில்லை. ஆகவே இடம் கிடைத்த மூலையில் பெட்டியை வைத்துவிட்டு, அதை இயக்கும் குமிழை மட்டும் ஒரு வடத்தின் வழியே இழுத்து வந்து ஸ்டியரிங் தண்டில் மாட்டினார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் பாட்டுப் பொத்தான்களைப் பணக்கார அலங்காரமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கார் கம்பெனிகளும் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஒரே காரின் விலை குறைந்த மாடலில் வெறும் வளையம்; நாலைந்து பொத்தான் வேண்டுமென்றால் அடுத்த மாடலுக்குப் போக வேண்டும். ஆனால் காருக்குள் பாட்டு நுழைந்த காலத்திலேயே அதைச் செய்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பெட்டி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அதை ஆளும் குமிழ் வண்டியைத் திருப்பும் கையின் அருகில்தான் இருக்க வேண்டும். தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கக் கடைகளில் காரின் பாட்டுச் செட்டை மாற்றும்போது முதலில் கைவிடப்படுவது அந்தக் குமிழின் வாரிசுகள்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து எந்தத் திசைக்கு வண்டியை எடுத்தாலும் நேரான சாலை வெகுநேரம் நீடிக்காது. மார்த்தாண்டத்துக்குப் போனாலும் கருங்கலுக்குப் போனாலும் தேங்காப்பட்டணத்துக்கு இறங்கினாலும் மேடும் இறக்கமும் வளைவுமாகத்தான் ரோடு போகிறது. இரு பக்கமும் தென்னை, வாழை, ரப்பர், நடுநடுவே உயர்ந்த மதில். வீட்டின் கேட்டைத் திறந்தால் கால் படுவது ரோட்டில். இடவழிகளிலிருந்து பைக் எப்போது எட்டிப்பார்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஐஸ் நீர் சொட்டச் சொட்ட வரும் மீன் வண்டிகளுக்கு மார்க்கெட்டைப் பிடிக்கும் அவசரம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் வேறு. இங்கே கார் ஓட்டுகிறவனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாகக் கண் ரோட்டில் இருக்க வேண்டும்.

40 கிலோமீட்டர் வேகம் என்பது எங்கள் சாலைகளுக்கு நல்ல வேகம்தான். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. திரையில் அடுத்த பாட்டைத் தேட இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால் 22 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்போம். எங்கள் ஊரில் 22 மீட்டருக்குள் ஒரு வளைவும் ஒரு வீட்டு வாசலும் பால் வாங்கப் போகும் ஒரு சின்னப் பையனும் இருப்பார்கள்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2013இல் கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது. காருக்குள் இருக்கும் கருவி எதுவானாலும் அதைப் பார்க்க ஓட்டுநர் ஒரு முறைக்கு இரண்டு நொடிக்கு மேல் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க நேரக் கூடாது, ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். கட்டாயச் சட்டமில்லை, பரிந்துரைதான். 2022இல் ஸ்வீடனின் வி பிலேகரே என்ற கார் பத்திரிகை புதிய கார்கள் 11ஐயும் 2005ஆம் ஆண்டின் பழைய வோல்வோ ஒன்றையும் விமான ஓடுதளத்தில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. வானொலியைப் போட்டுக் குறிப்பிட்ட நிலையத்துக்குக் கொண்டுவருவது, ஏசியைக் கூட்டுவது போன்ற சாதாரண வேலைகள்தான் சோதனை. பொத்தானும் குமிழும் வைத்த பழைய வோல்வோவில் எல்லாம் 10 நொடியில் முடிந்தது. தொடுதிரை வைத்த புதிய கார்களில் கடைசியாக வந்ததற்கு ஏறத்தாழ 45 நொடி. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், ஹசார்ட் விளக்கு போன்றவற்றுக்கு நேரடிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. உலகம் பொத்தானுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது நாம் இருக்கிற பொத்தானைச் சாகவிடுகிறோம்.

எண்பதுகளில் இந்தப் பக்கம் ஓடிய டாக்ஸிகளின் செட்டுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளைகுடாவிலிருந்து வந்த கேசட் செட்டுகள் அவை. இடது ஓரம் ஒரு குமிழ், வலது ஓரம் ஒரு குமிழ். ஒன்று சத்தத்துக்கு, மற்றது ஸ்டேஷனுக்கு. நடுவில் கேசட்டின் வாய். டிரைவர் கண்ணைத் திருப்பாமலே கையை நீட்டுவார்; இருட்டிலும் விரல் சரியான குமிழில் போய் நிற்கும். கேசட்டைத் திருப்பிப் போடுவதைக்கூட விரல் நுனியால் மட்டும் செய்கிறவர்கள் இருந்தார்கள். கை கற்றுக்கொண்ட வேலையைக் கண்ணிடம் கேட்க வேண்டிய தேவையில்லை. ஸ்டியரிங்கில் பொத்தான் வந்தபோது அந்தக் கையை நீட்டும் வேலைகூட மிச்சமாயிற்று. பெருவிரல் இருந்த இடத்திலேயே இருந்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

செட்டு மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் மாற்றியவன்தான். காரோடு வந்த செட்டு பத்து வருஷத்தில் சிடியை விழுங்கித் துப்பாமல் அடம்பிடிக்கும். புளூடூத் இருக்காது, அல்லது இருந்தும் புதிய போனோடு சேராது. ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் ஊரின் ஒடுங்கிய இடவழிகளில் பின்னால் எடுக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. வரைபடம் பெரிய திரையில் தெரிந்தால் நல்லது. ஆசைப்படுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. செட்டை மாற்ற முடிகிறது என்பதே ஒரு பெரிய கொடை. ஜெர்மன் தர நிர்ணய நிறுவனம் கார் வானொலிக்கு 180க்கு 50 மில்லிமீட்டர் என்று ஒரு முகப்பளவு வகுத்தது; டின் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதன் இரண்டு மடங்கு உயரம் டபுள் டின். எந்த நாட்டுக் காரிலும் எந்த நாட்டுச் செட்டையும் சொருகலாம் என்ற சுதந்திரம் அந்த ஓர் அளவால் வந்தது.

நான் முதலில் போன கடை பக்கத்து ஊரில். செட்டைக் காட்டினார்கள், விலை சொன்னார்கள், எல்லாம் சரி. ஸ்டியரிங் கண்ட்ரோல் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது இதில வேலை செய்யாது சார். இவ்வளவு பெரிய டச் இருக்கே, பட்டன் எதுக்கு?" என்றார். இதே பதிலை எத்தனையோ பேர் கேட்டு, தலையாட்டி, காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். உறவினர் ஒருவரின் காரில் ஏறியபோது கவனித்தேன். செட்டு மாற்றி வெகுகாலம் ஆகியும் அவருடைய இடது பெருவிரல் தன்னை அறியாமல் போய்ப் பொத்தானை அழுத்துகிறது. எதுவும் நடப்பதில்லை. பிறகுதான் நினைவு வந்து கையை எடுத்துத் திரையைத் தொடுகிறார். காசு கொடுத்து வாங்கிய பொத்தான், விளக்கும் எரிகிறது, ஆனால் பதிலில்லை. பழகிய விரலுக்கு நேரும் இந்த ஏமாற்றம் எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

நான் செட்டை மாட்டியது வேறு இடத்தில். ஒரு ஒர்க்ஷாப்பின் ஓரத்தில் வயரிங் வேலை செய்கிற இளைஞன். "மக்களே, ஸ்டியரிங் பட்டனுக்கு வயர் உண்டா?" என்று கேட்டேன். "உண்டு அண்ணா. மிஞ்சிப்போனா ரெண்டு மூணு வயரு. ஆரும் கேக்க மாட்டாவ, அதனால சொருகாம சுருட்டி உள்ள வச்சிருவாவ" என்றான். மீட்டரை எடுத்தான். பழைய செட்டின் கப்ளரில் ஒரு வயரில் ஒரு முனை, மறுமுனை எர்த்தில். என்னிடம் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் வேறு வேறு எண். அவன் அப்போது சொல்லித் தந்ததை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது யாருக்கும் புரியக்கூடிய விஷயம்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு வயர் போட்டால் ஸ்டியரிங்கின் கழுத்துக்குள் ஒரு கட்டு வயர் போக வேண்டியிருக்கும். அதற்குப் பதில், பொத்தானுக்குப் பின்னால் ஒவ்வொரு மின்தடை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குச் சில நூறு ஓம், அடுத்ததற்கு அதைவிடக் கூடுதல், இன்னொன்றுக்குச் சில ஆயிரம். எல்லாம் ஒரே வயரில்தான் சேர்கின்றன. செட்டு அந்த வயரில் சின்ன ஒரு மின்னழுத்தத்தை எப்போதும் வைத்துக் காத்திருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தியதும் அந்தந்த மின்தடை வழியாக மின்சாரம் எர்த்துக்குப் போகிறது, அழுத்தம் ஓர் அளவுக்கு இறங்குகிறது. எவ்வளவு இறங்கிற்று என்பதைப் பார்த்து எந்தப் பொத்தான் என்று செட்டு கண்டுகொள்கிறது. வாசல் கதவைத் தட்டும் தட்டிலேயே வந்திருப்பது யார் என்று வீட்டுக்குள் இருந்தபடி அறிவோமே, அதைப்போல. ஒரு சில்லறைக் காசு மதிப்புள்ள மின்தடைகளை வைத்து எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

இப்போது கடைகளில் அதிகம் போகிற ஆண்ட்ராய்டு செட்டுகளின் பின்புறம் கீ 1, கீ 2 என்று எழுதிய வயர்கள் தொங்கும். அவை இதற்காகவே இருப்பவை. காரிலிருந்து வரும் பொத்தான் வயரை அதோடு சேர்த்து, செட்டின் அமைப்புக்குள் போய், ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையில் 'சத்தம் கூட்டு' என்பதைத் தொட வேண்டும். அடுத்த பொத்தான், அடுத்த வேலை. கடைசியில் சேமித்துவிட்டால் முடிந்தது. கால் மணி நேர வேலை. பெயர் பெற்ற ஜப்பான் கம்பெனிகளின் செட்டுகளில் வேறு ஏற்பாடு. பயனியர் செட்டின் முதுகில் ஹெட்போன் சொருகுவதைப்போல 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். கென்வுட், ஜேவிசி செட்டுகளில் அதற்கென ஒரு தனி வயர் வரும். அவற்றுக்குக் கார்க் கம்பெனியின் மின்தடைக் கணக்கு நேராகப் புரியாது. நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். அது காரின் பொத்தான்களை ஒருமுறை கற்றுக்கொண்டு, செட்டுக்குப் பிடித்த கணக்கில் மாற்றிக் கொடுக்கும். அந்த அடாப்டரின் விலையைச் செட்டு வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இதற்கு யோசிப்பதில் பொருளில்லை.

கடற்கரையை ஒட்டிய எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு தனிக் கவலை உண்டு. உப்புக் காற்று. பொத்தான் ஏற்பாடு முழுக்க மின்தடைக் கணக்கில் நடப்பதால், எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் பச்சை பிடித்தால் அந்தப் பச்சையும் ஒரு மின்தடையாகிக் கணக்கில் நுழைந்துவிடும். சத்தத்தைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறும், அல்லது சில நாள் கேட்கும் சில நாள் கேட்காது. பலர் இதைச் செட்டின் கோளாறு என்று நினைத்துச் செட்டையே மாற்றுகிறார்கள். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் தீரும் வேலை. பொத்தானும் ஹார்னும் ஒன்றாகச் செத்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் மட்டும் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்கும் அதன் தண்டுக்கும் நடுவே நாடா ரிப்பன் போல ஒரு வடம் சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டியரிங் இடமும் வலமும் சுற்றும்போது வயர் அறுந்துபோகாமல் காப்பது அதுதான். அது கிழிந்தால் மூன்றும் போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொத்தான் இல்லாத மாடல் வைத்திருக்கிற சிலர், மேல் மாடலின் பொத்தான்களைத் தனியாக வாங்கி ரோட்டோரக் கடையில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதாவது அந்த மூடிக்குப் பின்னால் வெடித்து விரியக் காத்திருக்கும் ஒரு பை இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, முறை தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை. மஞ்சள் கப்ளர் மாட்டிய வயரில் யாரும் டெஸ்ட் லாம்ப் வைக்கக் கூடாது. முறை தெரிந்த ஆள் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம். ஸ்டியரிங்கில் கிளிப் போட்டு மாட்டுகிற ரிமோட்டுகளும் கிடைக்கின்றன. வளைவில் கை மாறும்போது அவை விரலில் தட்டும். எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. நான் பேசுவது ஏற்கெனவே காரோடு வந்த பொத்தானைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான். அதற்கு ஏர்பேக்கைத் தொடவே வேண்டாம். செட்டின் பின்னால் வந்து நிற்கிற வயர் போதும்.

ஆனால் இந்த எளிய கணக்கு எல்லாக் காரிலும் இல்லை. முதலில் சொன்ன ஐடியல் வெர்க்கேயை 1933இல் பாஷ் நிறுவனம் வாங்கிற்று. அதே பாஷ் 1983இல் கேன் என்ற ஏற்பாட்டை உருவாக்கத் தொடங்கி 1986இல் உலகுக்கு அறிவித்தது. காருக்குள் இருக்கும் எஞ்சின், பிரேக், விளக்கு, கதவு எல்லாம் முறுக்கிய இரண்டு வயரில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை அது. அப்படிப்பட்ட கார்களில் பொத்தானை அழுத்தினால் அது எண்களாக மாறி அந்த இரட்டை வயரில் ஒரு செய்தியாகப் போகிறது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கார்க் கம்பெனிக்கு மட்டும் தெரியும். அவர்கள் வெளியே சொல்வதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் பிடிபடாது. அந்தக் காருக்கென்றே செய்த கேன் பாக்ஸ் வாங்கிச் சேர்த்தால்தான் பொத்தான் பிழைக்கும். கம்பெனியும் வருஷமும் மாடலும் பொருந்தாவிட்டால் பாதிப் பொத்தான் வேலை செய்யும், பாதி செய்யாது. இதனால் கடைக்காரருக்கும் சங்கடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'முடியாது' என்று சொல்வதற்கும் 'இதற்கு இந்தப் பெட்டி வேண்டும், இவ்வளவு ஆகும்' என்று சொல்வதற்கும் இருக்கிற தூரத்தைத்தான் அவர்கள் கடக்க வேண்டும்.

வயதானவர்களை நினைத்தால் இது இன்னும் கனக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்க, எங்கள் மாவட்டத்தில் அறுபது கடந்தவர்கள் தாங்களே கார் ஓட்டி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிறார்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருகிறது. தூரத்து ரோடு தெளிவாகத் தெரியும், கையெட்டும் தூரத்துத் திரையில் எழுத்துக் கலங்கும். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க முடியாது. இப்படி இருக்க, பிள்ளை விடுமுறைக்கு வந்து அப்பாவுக்குப் பத்து அங்குலத் திரை மாட்டிவிட்டுப் போகிறான். அன்பினால்தான் செய்கிறான். ஆனால் அப்பாவுக்கு இதுவரை கண் தேவைப்படாத வேலைக்கு இப்போது கண் வேண்டியிருக்கிறது, அதுவும் அவருக்கு மங்கிவிட்ட கண். அவர் போன் வந்தால் எடுக்கும் பொத்தானும் அதோடு போயிற்று. அடுத்து அவர் போனைக் கையில் எடுப்பார். ஓட்டும்போது கையில் போன் பிடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், சிறையும் உண்டு. அபராதத்தைவிட அவர் உயிரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இனி வானொலி. 1984 அக்டோபர் 30 அன்று அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியது. பண்பலை 101.0. அதற்கு முன்னால் இங்கே திருநெல்வேலி, திருவனந்தபுரம் போன்ற வெளியூர் நிலையங்களைத்தான் கேட்டோம். ரப்பர் விலையும் கடல் நிலவரமும் உள்ளூர்ப் பேச்சும் வானொலியில் வரத் தொடங்கியது இந்த நிலையத்தால். திருவனந்தபுரம் வானொலியின் பண்பலை 101.9இல் இருக்கிறது. புதுக்கடையில் இரண்டும் எடுக்கும். ஸ்டியரிங்கில் அடுத்த ஸ்டேஷன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தமிழிலிருந்து மலையாளம், திரும்ப அழுத்தினால் தமிழ். இரண்டு மொழியும் வீட்டுக்குள் புழங்குகிற எங்களுக்கு அந்த ஒரு பொத்தான் எவ்வளவு இயல்பானது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

புதிய செட்டு மாட்டியவர்களில் பலர் "நாகர்கோவில் ஸ்டேஷன் இப்பம் கிட்டல்ல" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஸ்டேஷன்மேல் பழி போடுவார்கள். காரணம் பெரும்பாலும் செட்டுக்குள் இருக்கிறது. பல செட்டுகள் வானொலிப் பகுதியை அமெரிக்கா என்று வைத்தபடியே வந்து சேருகின்றன. அமெரிக்காவில் பண்பலை நிலையங்கள் எல்லாம் 0.2 இடைவெளியில், கடைசி எண் ஒற்றைப்படையாக அமைந்தவை: 100.9, 101.1, 101.3 என்று. அந்த வரிசையில் 101.0க்கு இடமே இல்லை. செட்டு அதைத் தாண்டிப் போய்விடும், அல்லது 101.1இல் நின்று கரகரக்கும். திருவனந்தபுரத்தின் 101.9 ஒற்றைப்படை என்பதால் சரியாக அகப்படும். ஆக, அமைப்பில் ஒரு வரி மாறாததால் புதுக்கடைக்காரனின் காரில் மலையாளம் துல்லியமாகவும் தமிழ் கரகரப்பாகவும் கேட்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இந்தப் புதுக்கடையில் 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மக்கள் இறந்தார்கள். மார்த்தாண்டத்திலும் அன்றுதான் சுட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தனி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தது. எங்களுக்கு மலையாளத்தின்மேல் பகை கிடையாது. இரண்டும் கேட்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். தெரியாத யாரோ ஒரு தொழிற்சாலையில் வைத்த அமைப்பு, நாங்கள் எதைக் கேட்பது என்று தீர்மானிக்கக் கூடாது. வானொலிப் பகுதியை ஐரோப்பா என்று மாற்றினாலே பெரும்பாலான செட்டுகளில் 101.0 வந்துவிடும். செட்டு மாட்டுகிறவர் அரை நிமிஷம் செலவழித்தால் போதும்.

நாளை வரப்போகும் கார்களில் இந்தப் பேச்சுக்கே இடமிருக்குமா என்று யோசிக்கிறேன். டின் அளவுத் துளை மறைந்துகொண்டு வருகிறது. திரையும் ஏசியும் கேமராவும் ஒரே பலகையாகப் பிணைந்துவிட்ட காரில் செட்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கம்பெனி தந்ததைக் கம்பெனி விடும்வரை வைத்திருக்க வேண்டியதுதான். 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்களோடு வாகனங்களையும் அதில் சேர்த்தார்கள். வயரிங் வரைபடமும் பொத்தான் செய்திகளின் பொருளும் ஒர்க்ஷாப் ஓரத்தில் மீட்டரோடு உட்கார்ந்திருக்கிற அந்த இளைஞனின் கைக்கு வரும்போதுதான் அந்த உரிமைக்கு அர்த்தம் உண்டு. விற்ற பிறகு கார் வாங்கியவனுடையது, அதன் வயர்களின் பொருளும் அவனுடையதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செட்டு மாற்றப் போகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். விலை பேசும் முன்பே ஸ்டியரிங் கண்ட்ரோல் வேண்டும் என்று சொல்லுங்கள். காரின் மாடலும் வருஷமும் சொல்லி, வயர் போதுமா கேன் பாக்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள். காரின் வயரை முறிக்கச் சம்மதிக்காதீர்கள்; அந்தக் காருக்குரிய கப்ளர் கிடைக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். பழைய செட்டையும் அதன் கப்ளரையும் களையாமல் வீட்டில் வையுங்கள். வானொலிப் பகுதியை மாற்றி 101.0 தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கடைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.